பழவேற்காட்டு ஏரியில் உழைப்போர் மனநலம்

முன்னுரை

ஐவகை நிலங்களுள் நெய்தலுக்குரிய உரிப்பொருள் இரங்கல் என்பது நாம் அறிந்ததே. தலைவனைப் பிரிந்த தலைவியின் இரக்கமே ஆங்குப் பேசப்படுவதாயினும், அலைகடலை நம்பி வாழ்வோர் நெஞ்சில் கவலை நீங்காது குடியிருக்கும் என்பதைப் பண்டைத் தமிழர் உணர்ந்திருந்தனர் என்றும் இதனைக் கொள்ளலாம். அந்நெய்தல் நிலத்து மக்களின் மனநலத்தை இன்றைய அறிவியலின் துணையோடு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'பணியிட மனநலம்' என்னும் தொடர் அண்மைக் காலத்தில் பெரிதும் வழங்கி வருகிறது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் கொண்டாடப்பெற்ற உலக மனநல நாள் இதனையே கருப்பொருளாகக் கொண்டது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுதோறும் 1200 கோடி வேலைநாள்கள் வீணாகின்றன என உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2022இல் கணித்துரைத்தன. எனினும் பணியிடம் என்றவுடன் மேசையும் நாற்காலியும் மேலதிகாரியும் உள்ள அலுவலகமே நம் நினைவுக்கு வருகிறது. மேலதிகாரியோ மாதச் சம்பளமோ மருத்துவ விடுப்போ இல்லாத ஏரியில் உழைப்போரின் மனநலத்தைப் பேணுவார் யார்? இவ்வினாவிற்குப் பழவேற்காட்டை முன்னிறுத்தி விடை காண முயல்வோம்.

ஏரியும் ஊர்களும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் அமைந்துள்ளது பழவேற்காடு. உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவிற்கு அடுத்து இந்தியாவில் பெரியது பழவேற்காட்டு ஏரியே. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் உள்ளன. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு இதனைக் கடலினின்றும் பிரித்து நிற்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புக, இரண்டும் கலந்த உவர்நீரில் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன. 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டையும், அவர்தம் கல்லறைகளும், மரைக்காயர்களின் கடல் வணிகமும் இவ்வூருக்கு வரலாற்றுப் புகழ் சேர்த்தன. ஆயின் இன்று இவ்வூரின் உயிர்நாடி மீன்பிடித் தொழிலே.

இங்கு உழைப்போர் ஒரே வகையினர் அல்லர். படகும் வலையும் கொண்டு தொழில் செய்யும் மீனவர் ஒருபுறம். நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் சேர்க்கும் இருளர் மற்றொருபுறம். மீனைக் கூடையில் சுமந்து சென்று விற்கும் பெண்களும், வீட்டிலிருந்தவாறே பனையோலைப் பொருள்கள் முடையும் முஸ்லிம் பெண்களும் உழைப்பாளரே. எனவே ஏரி, கரை, சந்தை, வீட்டுத் திண்ணை ஆகிய நான்கும் இங்குப் பணியிடங்களாகின்றன.

பாடு என்னும் முறை

பழவேற்காட்டு மீனவரிடையே தொன்றுதொட்டு வழங்கிவரும் ஒழுங்குமுறைக்குப் 'பாடு' என்று பெயர். இறால் வலை கட்டுதற்குரிய இடங்களை ஊர்கள் தமக்குள் முறைவைத்துக்கொண்டு, ஊருக்குள்ளும் உரியவர்க்குச் சீட்டுப் போட்டுப் பகிர்ந்தளிப்பதே இம்முறையின் சாரம். நல்ல இடம் ஒருவருக்கே நிலையாக வாய்ப்பதில்லை. இன்று குறைந்த வலை பிடித்தவர்க்கு நாளை நல்ல இடம் கிடைக்கலாம். பூசல் எழின் ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்த்து வைக்கும். மீன்வளத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை என்ற வகையில் ஆய்வாளர் பலர் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

இம்முறையை மனநல நோக்கிலும் காணுதல் வேண்டும் என்பது நம் கருத்து. பணியிடத்தில் மனத்தை வருத்தும் காரணங்களாக உலக சுகாதார நிறுவனம் சுட்டுவனவற்றுள் மிகைப் பணிச்சுமை, தன் வேலையின்மீது தனக்கே கட்டுப்பாடின்மை, வேலை நிலையாமை, உடனிருப்போர் ஆதரவின்மை ஆகியன முதன்மையானவை. நீரின் வளத்தை மனிதன் ஆள இயலாது. ஆனால் 'எனக்கும் ஒரு முறை உண்டு. அது தவறாமல் வரும்' என்னும் உறுதியைப் பாடு முறை உழைப்பவனுக்கு அளித்தது. அவ்வுறுதி வருவாயைப் பங்கிட்டதோடு கவலையையும் பங்கிட்டது. ஒருவனுக்கு வலை வெறுமையாய் வந்தால் அது அவன் குற்றம் அன்று, சீட்டின் போக்கு என ஊரே உணர்ந்தது.

இம்முறையின் குறையையும் நாம் மறைத்தல் கூடாது. பாட்டு உரிமை உடையோர்க்கே இந்நிழல் கிட்டியது. இருளர் முதலான பிறர் இதன் வெளியே நின்றனர். முறையின் உள்ளிருப்போர்க்கு அரணாயிருந்தது, வெளியிலிருப்போர்க்கு வேலியாயிற்று.

மாறிய ஏரி, மாறிய மனம்

முகத்துவாரம் மணலால் தூர்ந்து அடைபடுதல் பழவேற்காட்டின் நெடுநாள் துயரம். அது அடைபட்டால் கடல்நீர் வரவு குன்றும். அதனோடு வரும் இறாற் குஞ்சுகளும் குன்றும். கடலுக்குச் செல்லும் படகுகளும் தடைப்படும். ஏரிக்குத் தெற்கே 1990களில் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், பின்னர்க் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இயங்கத் தொடங்கின. இவற்றால் கரையும் நீரும் கெடுவதாக மீனவர் முறையிட்டு வருகின்றனர். ஆந்திர எல்லையில் மீன்பிடிப்பது பற்றிய பூசல்களும் அவ்வப்போது எழுகின்றன. 2004 டிசம்பர் 26இல் தாக்கிய ஆழிப்பேரலை தமிழகத்தில் ஏறத்தாழ 8000 உயிர்களைக் கவர்ந்தது; கரையோர மக்களின் நெஞ்சில் கடலைப் பற்றிய அச்சத்தையும் விதைத்துச் சென்றது.

இடங்கள் சுருங்கும்போது முறை வரும் நாள் தள்ளிப்போகிறது. முறை வந்தாலும் வலை நிறைவதில்லை. அப்போது கவலை ஊருக்குப் பொதுவாக இராமல் ஒவ்வொரு வீட்டின் தனிச்சுமையாகிவிடுகிறது. கடன் வாங்கிய மீனவன் கடன் கொடுத்தவர் முகத்தைப் பார்க்க அஞ்சுகிறான். மீன் கிடைக்காத நாளிலும் அடுப்பெரிய வேண்டுமே என்னும் ஏக்கம் பெண்களைச் சேர்கிறது. தந்தையின் தொழிலை ஏற்பதா, கூலி வேலைக்குச் செல்வதா என்னும் தடுமாற்றம் இளைஞரை வாட்டுகிறது.

மெய்ப்பாட்டியல் காட்டும் வழி

மனத்துயர் உடலில் வெளிப்படுவதை இலக்கணமாக்கித் தந்தவர் தொல்காப்பியர். அவர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையும் ஒன்று. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் அஃது எழும் நிலைக்களன்கள். பிறரால் இகழப்படுதல் இளிவு. உயிரும் உடைமையும் இழத்தல் இழவு. முன்னிருந்த நிலை கெட்டு வேறொரு நிலையடைந்து வருந்துதல் அசைவு என உரையாசிரியர் விளக்குவர். வறுமை வெளிப்படை. கடன்காரன் வாசலில் நிற்பது இளிவு; வலையும் படகும் உறவும் கடலில் போவது இழவு; ஏரி தூர்ந்து பழைய தொழில் மாறுவது அசைவு. இன்றைய மனநல அறிஞர் கூறும் காரணங்களோடு இப்பகுப்பு ஒத்து நிற்பது வியத்தற்குரியது.

இதனால் நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. கரையோர மக்கள் 'எனக்கு மனச்சோர்வு நோய்' என்று கூறமாட்டார்கள். 'தூக்கம் வரவில்லை', 'நெஞ்சு படபடக்கிறது', 'சோறு இறங்கவில்லை', 'கை கால் ஓயுது' என்றே கூறுவர். இவ்வுடற்சொற்களே அவர்தம் உள்ளத்தின் மெய்ப்பாடுகள். விழிப்புணர்வு ஊட்டச் செல்வோர் கலைச்சொற்களைக் கொண்டு செல்லாமல், மக்களின் இச்சொற்களிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

அறிய வேண்டுவன

கவலை அனைத்தும் நோயாகாது. வலை கிழிந்த நாளில் வருந்துவது இயல்பு. ஆனால் தாழ்ந்த மனநிலையோ எதிலும் நாட்டமின்மையோ பெரும்பாலான நேரம் 2 வாரங்களுக்கு மேல் நீடித்து, அதனோடு உறக்கமும் பசியும் கெட்டு, வேலை செய்ய இயலாமற் போயின் அது மருத்துவ உதவி நாடவேண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். பேச்சுவழிச் சிகிச்சையாலும் தேவைப்படின் மருந்தாலும் இது குணமாகும். மருந்து பயன்தரச் சில வாரங்கள் ஆகும். இரண்டு நாளில் பயனில்லை என்று கைவிடலாகாது.

குடிப்பழக்கம் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். உடல் அலுப்புக்கும் மனக்கவலைக்கும் மருந்தெனத் தொடங்கும் குடி, உறக்கத்தையும் மனத்தையும் மேலும் கெடுக்கிறது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் அறிவுத் தடுமாற்றமும் நேரலாம். ஆதலின் வீட்டில் பூட்டி வைத்து நிறுத்த முயலாமல், மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு.

2015–16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நாட்டின் வயதுவந்தோருள் 10.6 விழுக்காட்டினர்க்கு மனநலக் குறைபாடு இருந்ததையும், அவருள் பெரும்பான்மையோர் சிகிச்சை பெறாததையும் காட்டியது. மறைத்தலின் விளைவு எவ்வளவு கொடியது என்பதற்கு நம் மாநிலமே சான்று. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் எழுந்த தீயில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த நோயாளிகள் வெளியேற இயலாமல் மாண்டனர். 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, நோயாளரைச் சங்கிலியிடுதலைத் தடைசெய்கிறது. அரசு மனநலச் சேவையைப் பெறுதல் ஒவ்வொருவர்க்கும் உரிமை என்கிறது. தன்னுயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்திற்கு ஆளானவராகவே கருதி, அரசு அவரைப் பேண வேண்டும் என்றும் விதிக்கிறது.

செய்யத் தக்கன

முதலாவது, முதலாளி இல்லாத பணியிடத்தில் முதலாளியின் கடமையை ஊரே ஏற்றல் வேண்டும். அலுவலகத்தில் மேலாளர்க்கு மனநலப் பயிற்சி தருக என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இங்கு அப்பயிற்சியை ஊர்ப் பஞ்சாயத்தார், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தார், மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவியர் ஆகியோர்க்குத் தரலாம். ஆழிப்பேரலைக்குப்பின் ஊர்த் தொண்டர்க்குப் பயிற்சி அளித்து மக்களின் மனத்துயர் ஆற்றும் பணியைத் தமிழகக் கரையில் நிம்ஹான்ஸ் முதலிய நிறுவனங்கள் செய்துகாட்டின. அம்முன்மாதிரி பேரிடர்க் காலத்திற்கு மட்டும் உரியதன்று.

இரண்டாவது, நோயுற்றவனின் முறையைக் காத்தல் வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் தன் முறை வீணாகும் என்ற அச்சமே பலரைத் தடுக்கக்கூடும். அந்நாளில் உறவினரோ கூட்டாளியோ அவன் இடத்தில் வலை கட்டிப் பங்கைக் குடும்பத்திற்கு அளிக்கலாம் என ஊர் முடிவு செய்யுமானால், அதுவே ஏரி உழைப்பாளியின் மருத்துவ விடுப்பாகும். காய்ச்சலுக்கு இசையும் ஊர், மனத்துயருக்கும் இசைதல் வேண்டும். பாட்டு உரிமை இல்லாத இருளர்க்கும் மீன் விற்கும் மகளிர்க்கும் நோயுற்ற நாளில் உதவ ஒரு சிறு பொதுநிதி வேண்டும்.

மூன்றாவது, விழிப்புணர்வு மக்கள் கூடும் இடம் தேடிச் செல்ல வேண்டும். வலை பின்னும் நிழலும், மீன் ஏலம் போடும் துறையும், ஓலை முடையும் திண்ணையுமே அதற்குரிய வகுப்பறைகள். பள்ளிவாசலும் கோயிலும் மாதா ஆலயமும் ஒருங்கே உள்ள ஊரில் மூவிடத்துப் பெரியோரும் 'மனநோய் பாவமோ சாபமோ அன்று' என ஒருமுறை கூறினால், நூறு துண்டறிக்கைகள் செய்யாததை அது செய்யும்.

நான்காவது, உதவி கிடைக்கும் இடத்தை அனைவரும் அறிதல் வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவ உதவியை அரசு மருத்துவமனை வாயிலாகப் பெறலாம். 2022 அக்டோபர் 10இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 'வாழ்ந்து பயனில்லை' என ஒருவர் கூறக் கேட்டால் அதனைப் பொய்ப்பேச்சென ஒதுக்காமல், அவரைத் தனியே விடாமல், உடனே இவ்வுதவியை நாடுதல் நம் கடன்.

முடிவுரை

'பாடு' என்னும் சொல்லுக்கு இடம், முறைமை, உழைப்பு, வருத்தம் என அகராதிகள் பல பொருள் தருகின்றன. பழவேற்காட்டு மீனவர் வாழ்வில் அப்பொருள்கள் அனைத்தும் ஒன்றாய்ப் பொருந்தி நிற்கின்றன. இடத்தையும் உழைப்பையும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளக் கற்ற சமுதாயம் அது. வருத்தத்தையும் அவ்வாறே பகிர்ந்துகொள்ள அது அறியாததன்று, நினைவூட்டினால் போதும். ஏரியைத் தூர்வாருதலும் முகத்துவாரத்தைத் திறந்து வைத்தலும் அரசின் கடமை. உள்ளத்தில் அடைபட்ட துயருக்கு வாயில் திறந்து வைத்தல் ஊரின் கடமை. இரண்டையும் வலியுறுத்திப் பேசுதல் கற்றோராகிய நம் கடமை. நெய்தல் திணையை ஏட்டில் பயிலும் மாணவர், அந்நிலத்தில் இன்று வாழ்வோரின் இரங்கலுக்கும் செவிகொடுப்பாராக.