காலிவான வருமுன் கையில் இருக்கும் பத்து நிமிடம்

கோடைச் சூறைக்குத் தெலுங்கில் 'காலிவான' என்று பேர். காலி என்றால் காற்று. திருமலைக்கு அலிபிரி வழியாகப் படியேறும்போது வருகிற காலி கோபுரத்தில் இருப்பதும் அதே காலிதான்.

சித்தூர், திருப்பதிப் பக்கம் சித்திரை, வைகாசியில் பிற்பகல் வரை வெயில் கொளுத்தும். பிறகு ஒரு பக்கம் வானம் கறுக்கும். இலை அசையாமல் புழுங்கும். திடீரென்று ஒரு குளிர்காற்று மண் வாசனையோடு முகத்தில் அடிக்கும். அதை ரசித்துக்கொண்டு திண்ணையில் நிற்காதீர்கள். இடிமேகத்துக்குள் மழையால் குளிர்ந்து கனத்த காற்று கீழே இறங்கித் தரையில் மோதி நாலாபுறமும் பாய்கிறது. உங்கள் முகத்தில் பட்டது அதன் முன்விளிம்பு. பின்னாலேயே சூறை வரும். பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம்.

வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் பகுதியில் 1989 ஏப்ரல் 26 அன்று சுமார் 1,300 பேரைப் பலிகொண்டதே, அப்படிப்பட்ட சுழல்காற்று இங்கே அரிது. நம் பக்கம் உயிரை எடுப்பவை சாய்கிற மரம், பெயர்கிற கூரை, மின்னல். கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா கோதண்டராமர் கோயிலில் 2018 மார்ச் 30 அன்று, திருக்கல்யாண நாளில், சூறையில் பந்தல்கள் சரிந்தன; நான்கு பேர் இறந்தார்கள். 2023 ஜூலையில் திருப்பதி கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்குள் பெரிய அரசமரம் முறிந்து விழுந்து ஒரு பக்தர் உயிரிழந்தார். இரண்டு இடங்களிலும் இருந்தவர்கள் சாமி கும்பிட வந்தவர்கள்.

முதல் வேலையைப் பங்குனிக்குள் முடித்துவிட வேண்டும். ஷீட் போட்ட வீடாக இருந்தால் கூரைமேல் ஏறிப் பாருங்கள். ஷீட் பறக்காமல் இருக்கச் செங்கல்லும் கருங்கல்லும் பாரம் வைத்திருப்போம். காற்றில் ஷீட் ஒரு சாண் தூக்கினால் போதும், அந்தக் கல் உருண்டு கீழே நிற்கிறவர் தலையில் விழும். கல்லை எடுத்துவிட்டு, கொக்கி போல்ட் போட்டு ஷீட்டைச் சட்டத்தோடு இறுக்குங்கள். துருப்பிடித்த போல்ட்டை மாற்றிவிடுங்கள். வீட்டின்மேல் சாய்ந்திருக்கும் கிளையையும் அப்போதே கழித்துவிடலாம். எந்த அண்டை வீட்டில் கான்கிரீட் கூரை இருக்கிறது, அவசரத்துக்கு அங்கே போகலாமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கோடை நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை போனைப் பாருங்கள். வானிலைத் துறை அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையை மாவட்டவாரியாக வெளியிடுகிறது. ஆரஞ்சு, சிவப்பு என்றால் வெளிவேலையைத் தள்ளிப்போடுங்கள். அருகில் மின்னல் இறங்குவதைக் காட்ட 'தாமினி' செயலி உண்டு.

காற்று கிளம்பியதும் கதவு, ஜன்னலைச் சாத்துங்கள். டிவி, மோட்டார் பிளக்கைப் பிடுங்குங்கள். மாட்டை மரத்தடியிலிருந்து அவிழ்த்துவிடுங்கள். பிறகு ஜன்னல் இல்லாத உள்ளறையில், தரைத்தளத்தில், சுவரோரம் உட்காருங்கள். கூரை ஆடினால் கனமான கட்டிலுக்கடியில் புகுந்து தலையைத் தலையணையால் மூடிக்கொள்ளுங்கள்.

மாந்தோப்பில் இருப்பவர்களுக்குத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காற்றில் தோத்தாபுரி மாங்காய் பொலபொலவென்று உதிரும்போது மனசு கேட்காது. ஒரு வருஷத்துப் பாடு அது. கூடையோடு ஓடத் தோன்றும். ஓடாதீர்கள். மின்னல் கண்ணில் பட்டதும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள்ளோ கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போய்விடுங்கள். தோப்பில் இருக்கும் காவல் குடிசை மின்னலைத் தடுக்காது. எதுவுமே பக்கத்தில் இல்லையென்றால், மரத்தை விட்டுத் தள்ளி, தாழ்வான இடத்தில் பாதங்களைச் சேர்த்துக் குந்துங்கள். படுக்கக் கூடாது, நிலத்தில் ஓடும் மின்சாரம் உடம்பு முழுக்கப் பாயும்.

பைக்கில் போகிறவர்கள் ஃபிளெக்ஸ் போர்டுக்குக் கீழேயும் புளியமரத்தடியிலும் ஒதுங்க வேண்டாம். கடைக்குள் போய்விடுங்கள். திருமலைக்குப் படியேறுகிறவர்களுக்கு, அலிபிரி வழியில் 3,550 படிகளில் பெரும்பகுதிக்குக் கூரை உண்டு. இரும்புத் தடுப்பைப் பிடிக்காமல் நடுவில் நில்லுங்கள். குழந்தையின் கையை மட்டும் விடாதீர்கள். தற்காலிகப் பந்தலில் இருந்தால், காற்று ஏறுமுன் வெளியேறி நிலையான கட்டடத்துக்குப் போங்கள். எல்லோரும் ஒரே வாசலுக்கு ஓடினால் நெரிசலே ஆளைக் கொல்லும்.

யாரையாவது மின்னல் தாக்கினால் தொடப் பயப்படாதீர்கள், அவர் உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சில்லையென்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்துங்கள்.

கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் உள்ளேயே இருங்கள். வெளியே வந்ததும் முதலில் தரையைப் பாருங்கள். கம்பி அறுந்து கிடந்தால் தண்ணீரிலும் மின்சாரம் இருக்கலாம். கிட்டே போகாமல், மற்றவர்களையும் நிறுத்தி, மின்துறையின் 1912 எண்ணுக்குச் சொல்லுங்கள். லைன்மேன் வந்து இணைப்பைத் துண்டித்த பிறகு, காலில் செருப்போடு, வெளிச்சம் இருக்கும்போது போய் மாங்காய் பொறுக்கலாம்.