கன்றுக்குத் தகப்பன் யார்?

(கறவை மாடு வளர்ப்போர் பாடம்)



சமீபத்தில் நம் பகுதியில் ஒரு கால்நடை முகாம் நடந்தது. சிறந்த கிடேரிக் கன்றுகளுக்குப் பரிசு கொடுத்தார்கள். நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு அக்காவின் ஜெர்சி கலப்புக் கன்றுக்கு முதல் பரிசு. பரிசு என்னவோ ஒரு எவர்சில்வர் வாளிதான். ஆனால் அந்தக் கன்றின் மேல்முடி இருக்கிறதே, எண்ணெய் தேய்த்து வாரிவிட்ட மாதிரி அப்படி ஒரு மினுமினுப்பு!

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிவதற்குள்ளேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"மேடம், என் மாடு கத்துனா நானும் அதே ஊசியத்தான் போடச் சொல்லப் போறேன்."

"சரிக்கா, அது எந்தக் காளையோட ஊசி?"

எல்லோரும் பரிசு வாங்கிய அக்காவைப் பார்த்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "ஜெர்சி ஊசிதான் மேடம். காளை நம்பரெல்லாம் யாரு கேட்டா?" என்றார்.

அன்று 14 பேர் உட்கார்ந்திருந்தோம். ஒன்பது பேர் வீட்டில் மாடு இருக்கிறது. தன் கன்றின் தகப்பன் யார் என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது ஊர் ஊராக விசாரிக்கிற நாம், கடன் வாங்கி வளர்க்கிற மாட்டுக்கு மட்டும் எந்த விசாரணையும் செய்வதில்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

மினுமினுப்பு எங்கிருந்து வருகிறது?

கன்றுக்குப் பாதி குணம் தாயிடமிருந்து வரும். பாதி தகப்பனிடமிருந்து வரும். முடியின் நிறம், நீளம், அடர்த்தி எல்லாம் இப்படி வருபவைதான். ஆனால் பளபளப்பு வேறு. அது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

• பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்த கன்று நன்றாகத் தேறும்.
• வயிற்றில் பூச்சி இருந்தால் முடி சிலிர்த்துக்கொண்டு முரடாக நிற்கும். பிறந்த 10 முதல் 14 நாளில் முதல் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
• தாமிரச் சத்து குறைந்தால் கறுப்பு முடி செம்பட்டையாக வெளுக்கும். தாது உப்புக் கலவை தர வேண்டும்.
• உண்ணி, பேன் இருந்தால் முடி உதிரும்.

பரிசு வாங்கிய அக்கா இந்த நான்கையும் ஒழுங்காகச் செய்திருந்தார். அதே ஊசியைப் போட்டுவிட்டு இவற்றைச் செய்யாமல் விட்டால் அந்த மினுமினுப்பு வராது.

நம் வெயிலுக்கு எந்த முடி?

நாட்டு மாட்டின் முடியைத் தடவிப் பாருங்கள். குட்டையாக, தோலோடு ஒட்டிப் படிந்திருக்கும். உடம்புச் சூடு சுலபமாக வெளியேறும். குளிர் நாட்டு மாட்டுக்கு நீண்ட, அடர்த்தியான முடி. அந்த ஊர் பனிக்கு அது போர்வை. நம் சித்திரை வெயிலில் அதே போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? மாடு வாயைத் திறந்து மூச்சிரைக்கும், தீனி எடுக்காது, பால் குறையும், சினை பிடிப்பதும் தள்ளிப் போகும்.

கரீபியன் தீவுகளில் செனிபோல் என்று ஒரு மாட்டினம் இருக்கிறது. அதன் முடி மிகக் குட்டை, வழவழவென்று இருக்கும். வெயிலைத் தாங்கும். இதற்குக் காரணமான மரபணு எது என்று 2014-ல் கண்டுபிடித்தார்கள். தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், கன்றுக்கு அந்த முடி வந்துவிடும். வெயில் ஊர்களில் கறவை மாட்டுக்கும் இந்தக் குணத்தைக் கொண்டுவர இப்போது கலப்பு செய்கிறார்கள். ஆகவே குட்டை முடி என்றால் அழகு குறைவு என்று நினைக்க வேண்டாம். நமக்கு அதுதான் அழகு, அதுதான் ஆரோக்கியம்.

முடியழகைத் தேடிப் போனவர்கள் கதை

அமெரிக்காவில் மாட்டுக் கண்காட்சி என்பது பெரிய திருவிழா. பள்ளிப் பிள்ளைகள் கன்று வளர்த்து, குளிப்பாட்டி, காற்று மெஷினால் முடியை உலர்த்தி, சீவி நிமிர்த்தி, கத்தரித்துக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அடர்ந்த முடி இருந்தால் கால் தடிமனாகத் தெரியும், உடம்பு கட்டாகத் தெரியும். அதனால் நல்ல முடியும் உடற்கட்டும் கொடுக்கிற காளைகளின் விந்துக்கு அங்கே ஏகப்பட்ட கிராக்கி. ஷார்ட்ஹார்ன், மெய்ன் அஞ்சு என்ற இனங்களின் ரத்தம் இதற்குப் பேர் போனது.

அந்த மந்தைகளில் திடீரென்று சில கன்றுகள் விபரீதமாகப் பிறந்தன. பின்னங்கால் எலும்பு வளராமல், மூட்டு ஒட்டிக்கொண்டு, வயிறு மூடாமல், மண்டை ஓடு சேராமல் இருந்தன. அவற்றால் எழுந்து நிற்கவும் முடியவில்லை, பிழைக்கவும் முடியவில்லை. ஆராய்ந்து பார்த்தபோது அது பரம்பரைக் குறை என்று தெரிந்தது. பரிசுக் கன்றுகளின் தகப்பன் என்று பேர் வாங்கிய சில காளைகளே அந்தக் குறையைச் சுமந்துகொண்டிருந்தன!

காளையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முடியும் உடம்பும் அருமையாக இருக்கும். குறையைச் சுமக்கிற காளையும், அதே குறையைச் சுமக்கிற பசுவும் சேர்ந்தால்தான் அது வெளியே வரும். அப்படிச் சேர்ந்தால் நான்கில் ஒரு கன்றுக்கு வர வாய்ப்பு உண்டு. பிறகு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதற்கான மரபணுப் பரிசோதனை வந்தது. அதற்குப் பின்தான் எந்தக் காளை குறையைச் சுமக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு தப்பிக்க முடிந்தது.

"அது அமெரிக்கா கதை மேடம், நமக்கு என்ன?" என்று ஒரு அக்கா கேட்டார். நமக்கும் இருக்கிறது. தாய்ப்பசுவுக்குப் போட்ட அதே காளையின் ஊசியை, அதற்குப் பிறந்த கிடேரிக்கும் போட்டால் என்ன அர்த்தம்? அப்பனுக்கே மகளைக் கட்டி வைத்த மாதிரி. மறைந்திருக்கிற குறை இரண்டு பக்கமும் சேர்வதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஊரில் சுற்றுகிற ஒரே பொலிகாளையை வருடக்கணக்காக விட்டாலும் இதேதான் நடக்கும். காளை நம்பர் எழுதி வைத்திருந்தால் மட்டுமே இதைத் தடுக்கலாம்.

உறைவிந்து நிலையங்களில் உள்ள காளைகளுக்குக் காசநோய், கருச்சிதைவு நோய் போன்றவற்றுக்கும், சில பரம்பரைக் குறைகளுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. ஊர்க்காளைக்கு இந்த உத்தரவாதம் கிடையாது.

எத்தனை அணா கலப்பு?

நாட்டுப் பசுவுக்குச் சுத்த ஜெர்சி ஊசி போட்டால் பிறக்கும் கிடேரி எட்டணா ஜெர்சி. அதற்கும் சுத்த ஜெர்சி போட்டால் பன்னிரண்டணா. அடுத்தது பதினாலணா. அணா ஏற ஏற வெயில் தாங்கும் சக்தியும் நோய் தாங்கும் சக்தியும் இறங்கும். நம் ஊருக்கு எட்டணா முதல் பத்தணா வரை, அதாவது 50 முதல் 62.5 சதவீதம் போதும் என்பதே பரிந்துரை. உங்கள் மாடு ஏற்கெனவே எட்டணா என்றால், "கலப்பினக் காளை ஊசி இருக்கா சார்?" என்று கேளுங்கள்.

காங்கேயம் மாதிரி நாட்டு இனம் வைத்திருப்பவர்கள் அதே இனக் காளையையே தேடுங்கள். கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். சுமார் ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும்.

தலைச்சன் கிடேரிக்குக் கூடுதல் கவனம்

இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. நான் பார்க்கும் குழு ஒன்றில் ஒரு தங்கச்சி, கறுப்பு வெள்ளைக் கன்று வேண்டும் என்று ஆசைப்பட்டு, சின்ன உடம்புள்ள தலைச்சன் கிடேரிக்கு எச்.எப். ஊசி போடச் சொன்னாள். பக்கத்தில் நின்ற நானும் "நல்லதுதானே" என்றேன். ஒன்பது மாதம் கழித்துக் கன்று சிக்கிக்கொண்டது. மருத்துவர் வந்து இழுத்து எடுத்தும் கன்று தங்கவில்லை. தாய் ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை, பாலும் சரியாக இறங்கவில்லை. ஆனால் கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்தது. "போனது கன்னு மட்டும் இல்ல மேடம், என் ஒரு வருசம்" என்று அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. முதல் ஈத்துக்கு ஜெர்சி போன்ற சிறிய உடம்புள்ள இனமே பாதுகாப்பு. நிறத்தையும் முடியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஊசி போடும் முன் கேளுங்கள்

1. என்ன இனம்? சுத்த இனமா, கலப்பினமா?
2. காளை நம்பர் என்ன? விந்துக்குச்சியின் மேலேயே இனம், காளை எண், நிலையம், தேதி அச்சிட்டிருக்கும். போடுவதற்கு முன் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.
3. இதன் தாய்க்குப் போட்ட அதே காளையா? அதே நம்பர் என்றால் வேறு கேளுங்கள்.
4. என் மாட்டின் உடம்புக்கு இந்த இனம் ஒத்துவருமா?

காலையில் கத்தினால் மாலையிலும், மாலையில் கத்தினால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது பொதுவான கணக்கு. 21-ம் நாள் மறுபடி கத்துகிறதா என்று பாருங்கள். மூன்றாம் மாதம் சினைப் பரிசோதனை செய்யுங்கள். ஈன்று முடிக்கச் சுமார் 280 நாள்.

"கேட்டா கோவிச்சுக்குவாங்களே" என்று தயங்காதீர்கள். பேங்க் மேனேஜரிடம் நேருக்கு நேர் பேசுகிற நமக்கு இது பெரிய விஷயமா?

குழுவில் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு குழுவும் 40 பக்க நோட்டு ஒன்று போடுங்கள். மாட்டின் காது வில்லையில் உள்ள 12 இலக்க எண், ஊசி போட்ட தேதி, இனம், காளை நம்பர், கன்று பிறந்த தேதி, கன்று எப்படி என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு, படிக்கிற பிள்ளைகள் எழுதித் தரட்டும். இரண்டு மூன்று வருடத்தில் எந்தக் காளையின் கன்றுகள் நம் ஊரில் நன்றாக நிற்கின்றன என்று அந்த நோட்டே சொல்லும். அப்போது "அதே ஊசி போடுங்க" என்று நம்பரோடு கேட்கலாம்.

கூட்டத்தில் பேசுவோம்

• உங்கள் மாட்டின் தகப்பன் எந்த இனம்? உங்களுக்குத் தெரியுமா?
• உங்கள் மாடு எத்தனை அணா கலப்பு? கணக்குப் போட்டுப் பாருங்கள்.
• உங்கள் கன்றின் முடி பளபளக்கிறதா, சிலிர்த்து நிற்கிறதா? காரணம் என்ன?

வாளி வாங்கிய அக்கா இப்போது நோட்டு போட்டுவிட்டார். முதல் பக்கத்தில் அந்தக் கன்றுக்கு நேராக "தகப்பன்: தெரியாது" என்று எழுதியிருக்கிறார். "அடுத்த கன்னுக்கு இப்படி எழுத மாட்டேன் மேடம்" என்று சொல்லியிருக்கிறார். நீங்கள்?