குறிப்புக் கட்டத்தைக் காலியாக விடாதே

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் வானிலை நிலையத்து வெள்ளைப் பெட்டியைத் திறந்து, வெப்பமானியைப் பார்த்து எழுதுவது அலுப்பாக இருக்கிறது என்கிறாய். செயற்கைக்கோள் சுற்றுகிற காலத்தில் இந்த நோட்டுப் புத்தகம் எதற்கு என்றும் கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான். பூமி சூடாகிறது என்பது எப்படித் தெரியவந்தது என்று சொல்கிறேன், உன் கேள்விக்கான பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

காரணம் முதலிலேயே தெரிந்துவிட்டது. ஆதாரம்தான் வெகு தாமதமாக வந்தது. 1856-இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் அதிகம் சூடேறியது. ஆறவும் நெடுநேரம் பிடித்தது. மூன்று ஆண்டு கழித்து லண்டனில் ஜான் டிண்டால், நீராவியும் கரியமில வாயுவும் வெப்பக் கதிர்களை உறிஞ்சுவதை அளந்தே காட்டினார். 1896-இல் சுவீடனின் ஸ்வாந்தே அர்ரேனியஸ், காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் வெப்பநிலை 5 முதல் 6 டிகிரி செல்சியஸ் வரை உயரும் என்று கணக்குப் போட்டார். இன்றைய மதிப்பீடு சுமார் 3 டிகிரி. பேனாவும் தாளும் மட்டுமே கையில் இருந்த ஒருவர் இவ்வளவு பக்கத்தில் வந்தார் என்பது எனக்கு இன்றும் மலைப்புதான்.

அந்தக் கணக்கை நான்கே ஆண்டில் ஓரம் கட்டிவிட்டார்கள். அதே நாட்டைச் சேர்ந்த க்னூட் ஆங்ஸ்ட்ரம், 1900-இல் ஒரு குழாயில் கரியமில வாயுவைக் குறைத்துப் பார்த்தார். உறிஞ்சப்படும் வெப்பம் பெரிதாக மாறவில்லை. ஆகவே இந்த வாயு கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுதான் என்று முடிவு கட்டினார்கள். ஆனால் பூமியின் வெப்பம் விண்வெளிக்குத் தப்பிப் போவது, காற்று மெலிந்த மேல் உயரத்திலிருந்து. அங்கே நடப்பதை அந்தக் குழாய் காட்டாது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு பெரும்பாலான வல்லுநர்கள் இந்தப் பக்கமே திரும்பவில்லை.

திரும்பிப் பார்த்தவர் ஒரு நீராவிப் பொறியாளர், ஜி. எஸ். கேலண்டர். வானிலை அவருடைய தொழிலே அல்ல. உலகெங்கும் உள்ள 147 நிலையங்களின் பதிவுகளை எடுத்துக்கொண்டு, கையாலேயே கூட்டிக் கழித்து, ஐம்பது ஆண்டில் பூமி சுமார் 0.3 டிகிரி சூடாகியிருக்கிறது என்று 1938-இல் லண்டனில் ராயல் வானிலைக் கழகத்தின் முன் வைத்தார். கூடியிருந்த பெரியவர்கள் நம்பவில்லை. பிற்காலத்தில் கணினியில் சரிபார்த்தபோது அவர் போட்ட கோடு இன்றைய கோட்டோடு பெருமளவு ஒத்துப்போனது. அந்த 147 இடங்களிலும் தினமும் பெட்டியைத் திறந்து எழுதியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. உன் கேள்விக்கு முதல் பதில் அவர்கள்தான் தம்பி.

வெப்பநிலையை அளந்தாயிற்று. கரியமில வாயு உண்மையிலேயே கூடுகிறதா என்பது அப்போதும் புகைமூட்டமாகவே இருந்தது. 1958 மார்ச்சில் சார்லஸ் டேவிட் கீலிங்கின் கருவி ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலையில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் ஓடத் தொடங்கியது. முதல் அளவு பத்து லட்சத்தில் 313 பங்கு. ஏப்ரலில் கூடியது, மே மாதம் இன்னும் கூடியது. பிறகு மின்சாரம் போய்க் கருவி நின்றது. ஜூலையில் மறுபடி ஓடியபோது அளவு மார்ச் மாதத்துக்கும் கீழே கிடந்தது. இந்த எண்களை எதற்கும் நம்ப முடியாதோ என்று கீலிங் கலங்கினார். ஆனாலும் அளந்துகொண்டே இருந்தார். மறு ஆண்டும் அதே ஏற்றம், அதே இறக்கம். வட பாதி உலகத்துச் செடிகொடிகள் கோடையில் வாயுவை இழுத்துக்கொண்டு, பின்பு திருப்பி விடுகின்றன. அந்த மூச்சைத்தான் கருவி பிடித்திருந்தது. எரிமலை வாயிலிருந்து வரும் வாயு இரவுக் காற்றில் கலந்த நேரங்களைத் தனியே குறித்து ஒதுக்கினார்கள். அளவு தெரிந்த வாயுவைக் கருவிக்குள் அடிக்கடி செலுத்திக் கருவியையே சோதித்தார்கள். 1964-இல் பணம் வெட்டப்பட்டுச் சில மாதம் வேலை நின்றது; அளவுப் பதிவில் அந்த இடம் இன்றும் வெற்றிடமாகவே இருக்கிறது. இன்று அந்த எண் 420-ஐத் தாண்டிவிட்டது. துருவப் பனியைத் துளைத்து எடுத்த பழங்காலக் காற்றுக்குமிழிகள், தொழிற்சாலைகளுக்கு முன்பு அது சுமார் 280 என்கின்றன.

கடலில் நடந்ததையும் கேள். அந்தக் காலத்துக் கப்பல்களில் கித்தான் வாளியை இறக்கி நீர் மொண்டு அதன் வெப்பநிலையை அளப்பார்கள். ஈரக் கித்தானிலிருந்து நீர் ஆவியாவதால், மண்பானைத் தண்ணீர் மாதிரி வாளி நீரும் சற்றுக் குளிர்ந்துவிடும். எஞ்சினுக்கு இழுக்கும் நீரை அளந்தால் எஞ்சின் அறைச் சூட்டில் அளவு ஏறிவிடும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கப்பல்கள் பெரும்பாலும் எஞ்சின் நீரை அளந்தன. போர் முடிந்ததும் பதிவுகளில் வாளி இறக்கிய பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு கூடியது. உலக வெப்பநிலை 1945-இல் திடீரென்று 0.3 டிகிரி விழுந்ததுபோல் வரைபடத்தில் ஒரு பள்ளம்! கடல் குளிரவில்லை, அளந்த முறைதான் மாறியிருந்தது. இது பிடிபட 2008 வரை ஆயிற்று. எந்த முறையில் அளந்தோம் என்று எல்லாக் கப்பல்காரர்களும் எழுதி வைத்திருந்தால் அறுபது ஆண்டு மிச்சமாகியிருக்கும்.

விஞ்ஞானிகள் எண்ணைத் திருத்திச் சூட்டைக் கூட்டிக் காட்டுகிறார்கள் என்று உன்னிடம் வந்து சொல்பவர்கள் உண்டு. நிலம், கடல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வாளித் திருத்தம் பழைய அளவுகளை உயர்த்தி, மொத்தச் சூடேற்றத்தைக் கொஞ்சம் குறைத்தே காட்டுகிறது. இதை அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். அளவு எடுக்கத் தவறினால் அந்த அளவின் கட்டத்தை வெறுமையாக விடு. நேற்றையதைப் பார்த்து நிரப்பாதே. புது வெப்பமானி வந்தால் பழையதைக் கழற்றுவதற்கு முன் இரண்டையும் சில காலம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. நிலையத்தை ஒட்டிப் புதுக் கட்டடம் எழும்புவதாக எழுதியிருந்தாய். வேலை எந்தத் தேதியில் தொடங்கியது, பெட்டியிலிருந்து எத்தனை மீட்டர், எந்தத் திசை என்று நாளைக் காலையே குறிப்புக் கட்டத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு வை.

அன்புடன்,
உன் அண்ணன்