ரா ஃபைலுக்கு எந்த சாஃப்ட்வேர்?

போன வருஷம் ஆண்டுமலர் வேலை நடந்தப்போ எங்க ஃபோட்டோகிராஃபி கிளப்புக்கு ஒரு கேள்வி வந்தது. முந்தின 2 வருஷத்து சிம்போசியம், கல்ச்சுரல்ஸ் படங்களைப் பிரிண்ட் பண்ணுற தரத்தில் கொடுக்க முடியுமா? தாராளமா கொடுக்கலாம்னு சொல்லிட்டோம். ரா ஃபைல் அத்தனையும் கிளப் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமா இருந்தது. எடிட் செஞ்சது மட்டும் இல்லை. அதெல்லாம் பாஸ் அவுட் ஆகிப்போன ஒரு அண்ணனோட லேப்டாப்பில், சாஃப்ட்வேரோட டேட்டாபேஸுக்குள்ள இருந்திருக்கு. வேலைக்குச் சேர்ந்ததும் அந்த லேப்டாப்பை ஃபார்மட் பண்ணித் தம்பிக்குக் கொடுத்துட்டார். மிஞ்சினது வாட்ஸ்அப்பில் சுருங்கிப்போன ஜேபெக் படங்கள்தான். 400 சொச்சம் படங்களை 3 பேர் உட்கார்ந்து திரும்ப எடிட் பண்ணோம், அதுவும் மாடல் எக்ஸாமுக்கு முந்தின வாரம்.

அண்ணன் மேல தப்பு சொல்ல ஒண்ணுமில்லை. எடிட் எங்கே போய் உட்காருதுன்னு கிளப்பில் யாருமே கேட்டதில்லை. எல்லாரும் கேட்ட கேள்வி "எதுல கலர் நல்லா வரும்?" என்பது மட்டும்தான். முதல் வருஷத் தம்பி தங்கச்சிகள் இப்பவும் அதைத்தான் கேக்குறாங்க. அந்தக் கேள்விக்கு ஏன் நேரடியா பதில் சொல்ல முடியாதுன்னு முதல்ல பார்த்துடலாம்.

ரா ஃபைல் என்பது படமே இல்லை, சென்சார் எடுத்த அளவீடு. 24 மெகாபிக்சல் கேமராவில் 2.4 கோடி புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கு மேலேயும் ஒரே ஒரு நிற வடிகட்டி. 2க்கு 2 கட்டத்தை எடுத்துக்கிட்டா பச்சை இரண்டு, சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஆக, ஒரு புள்ளிக்குத் தேவையான 3 நிற மதிப்புகளில் ஒன்றைத்தான் கேமரா அளக்கிறது. மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து சாஃப்ட்வேர் கணிக்கிறது. இதற்குப் பேர் டிமொசைக்கிங். நியூமரிக்கல் மெதட்ஸ் பேப்பரில் பார்த்த இன்டர்பொலேஷன்தான், கொஞ்சம் புத்திசாலித்தனமானது.

அதுக்கப்புறம் ஒயிட் பேலன்ஸ், சென்சார் நிறத்தை நம்ம கண்ணுக்கான நிறமா மாத்துற மேட்ரிக்ஸ், டோன் கர்வ், நாய்ஸ் குறைப்பு, ஷார்ப்பனிங். ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் வேற வேற முடிவு எடுக்கும். கேமரா திரையில் நீங்க பார்த்தது ரா ஃபைலுக்குள்ளேயே பொதிஞ்சிருக்கிற ஒரு ஜேபெக், அதாவது கேமரா கம்பெனி எடுத்த முடிவு. லேப்டாப்பில் திறந்ததும் ஒரு நொடி பளிச்னு இருந்துட்டு, அப்புறம் டல்லா மாறுதே, அதுக்குக் காரணம் இதுதான். முதல்ல தெரிஞ்சது அந்த ஜேபெக், அப்புறம் வந்தது சாஃப்ட்வேரோட சொந்தக் கணக்கு. இதைப் பார்த்துட்டு "இது சரியில்ல"ன்னு அன்இன்ஸ்டால் பண்றவங்கதான் அதிகம். முதல் பார்வையை வெச்சு எதையும் தேர்ந்தெடுக்காதீங்க.

சரி, எதை வெச்சுத் தேர்ந்தெடுக்கிறது? முதல்ல, உங்க கேமராவோட ஃபைலை அது திறக்குமா? ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஃபார்மட், அதுவும் அப்பப்போ மாறும். கேனான் 2018இல் எம்50 கேமராவோட சிஆர்3 என்ற புது ஃபார்மட்டைக் கொண்டுவந்தது. டார்க்டேபிளில் அதற்கான ஆதரவு வந்தது 3.8 பதிப்பில், 2021 டிசம்பரில். நடுவில் அந்தக் கேமரா வாங்கின டார்க்டேபிள்காரங்க காத்திருந்தாங்க. செகண்ட் ஹேண்டில் பழைய கேமரா வாங்குற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இந்தக் கவலை அநேகமா இல்லை. டேவ் காஃபின் என்ற ஒரு தனி மனிதர் 1997இல் தொடங்கி எழுதின டிசிரா என்ற சி புரோகிராம் பழைய கேமராக்களில் நூற்றுக்கணக்கானவற்றைத் திறந்துவிடும். அதிலிருந்து வளர்ந்த லிப்ரா லைப்ரரி இன்னிக்குப் பல சாஃப்ட்வேர்களுக்கு உள்ளே இருக்கு. சி படிக்கிறவங்க டிசிரா சோர்ஸை ஒரு தடவை திறந்து பாருங்க, ஒரே ஃபைல், மலைப்பா இருக்கும். மொபைலில் புரோ மோடில் எடுக்கிறவங்களுக்கு டிஎன்ஜி வரும். அது அடோபி 2004இல் வெளியிட்ட பொது ஃபார்மட் என்பதால் பெரும்பாலும் எல்லாத்துலயும் திறக்கும்.

அடுத்தது லேப்டாப். இங்கே ஒரு சின்னக் கணக்கு. 24 மெகாபிக்சல், 14 பிட்னா சுருக்காத ஃபைல் 42 எம்பி. ஆனா டார்க்டேபிள் உள்ளே வேலை செய்யும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம், கூடவே நாலாவது ஒரு இடம், ஒவ்வொண்ணும் 4 பைட் ஃப்ளோட். 2.4 கோடி பெருக்கல் 16 பைட், அதாவது 384 எம்பி. இது முழு அளவுப் படத்தின் ஒரே ஒரு பிரதிக்கு. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போக உள்ளே ஒண்ணு, வெளியே ஒண்ணு வேணும். 8 ஜிபி ரேமில், பின்னாடி குரோம் 20 டேப் ஓடிக்கிட்டிருந்தா எக்ஸ்போர்ட் ஏன் திணறுதுன்னு இப்போ புரியும். டார்க்டேபிள் ஓபன்சிஎல் வழியா கிராஃபிக்ஸ் கார்டைப் பயன்படுத்திக்கும். கேமிங் லேப்டாப் வெச்சிருக்கிறவங்களுக்கு இது பெரிய வித்தியாசம். ரா தெரபி சிபியுவை மட்டும்தான் நம்பும். அதில் இன்னொண்ணு: ஷார்ப்பனிங், நாய்ஸ் குறைப்பு மாதிரி சில மாற்றங்கள் 100 சதவீதம் ஜூம் பண்ணாத்தான் திரையில் சரியாத் தெரியும். இது தெரியாம ஸ்லைடரை இழுத்து இழுத்துப் படத்தைக் கெடுத்தவன் நான்.

இப்போ அந்த ஆண்டுமலர் கதைக்கு வருவோம். நீங்க செய்யுற எடிட் படத்தில் சேமிக்கப்படுறதில்லை. ரா ஃபைல் அப்படியே இருக்கும், "எக்ஸ்போஷரை இவ்வளவு ஏத்து, இங்கே கிராப் பண்ணு" என்ற கட்டளைகள்தான் சேமிக்கப்படும். அவை எங்கே என்பதுதான் கேள்வி. ரா தெரபி ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன பிபி3 ஃபைல் வைக்கும். டார்க்டேபிள் எக்ஸ்எம்பி ஃபைல் வைக்கும், தனக்குள் ஒரு டேட்டாபேஸும் வெச்சிருக்கும். லைட்ரூம் கிளாசிக் எல்லாத்தையும் கேட்டலாக் என்ற ஒரே ஃபைலில் வைக்கும். அது உண்மையில் ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸ். படத்துக்குப் பக்கத்திலும் எக்ஸ்எம்பி எழுதச் சொல்லி அதில் ஒரு செட்டிங் இருக்கு, அதை நாமதான் ஆன் பண்ணணும். கேனானோட இலவச டிபிபி அந்தக் கட்டளைகளை ரா ஃபைலுக்குள்ளேயே எழுதிடும். நிக்கானோட என்எக்ஸ் ஸ்டுடியோ பக்கத்தில் ஒரு துணை ஃபோல்டரில் வைக்கும். கம்பெனிகள் தரும் இந்த இலவச சாஃப்ட்வேர்களை நம்ம ஆளுங்க திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. ஆனா "கேமரா திரையில் பார்த்த அதே கலர் வேணும்"னு கேக்குறவங்களுக்கு அதுதான் சரியான பதில்.

ஒண்ணோட எடிட்டை இன்னொண்ணு படிக்காது. லைட்ரூம் எழுதின எக்ஸ்எம்பியிலிருந்து கிராப், எக்ஸ்போஷர் மாதிரி சிலதை டார்க்டேபிள் எடுத்துக்கும், அவ்வளவுதான். கணக்குகளே வேறயா இருக்கும்போது ஸ்லைடர் எண்ணை மட்டும் மாத்தி என்ன பயன்? அதனால சாஃப்ட்வேரை மாத்துறது என்றால், பழைய எடிட்டை எல்லாம் விட்டுட்டுப் போறதுன்னு அர்த்தம்.

பணம் பற்றியும் பேசணும். லைட்ரூமை ஒரே தடவை காசு கொடுத்து வாங்கக்கூடிய கடைசிப் பதிப்பு 2015இல் வந்த 6. இப்போ சந்தாதான். மாணவர் சலுகை மாணவரா இருக்கும் வரைக்கும். சந்தா நின்னா லைட்ரூம் கிளாசிக்கில் கேட்டலாக் திறக்கும், பழைய எடிட்டோட எக்ஸ்போர்ட்டும் பண்ணலாம், ஆனா டெவலப் பகுதி பூட்டிக்கும். இது நியாயமான ஏற்பாடுன்னுதான் நினைக்கிறேன், தெரிஞ்சுக்கிட்டு உள்ளே போங்க. கிராக் பதிப்பு பற்றி ஹாஸ்டலில் எல்லாருக்கும் ஒரு கதை இருக்கும். என் பங்குக்கு ஒண்ணு மட்டும்: அதை அப்டேட் பண்ண முடியாது, புதுக் கேமரா ஃபைல் வந்தா அங்கேயே நிக்கும்.

தேர்ந்தெடுக்குமுன் சோதிச்சுப் பாருங்க. அழகான சூரிய அஸ்தமனப் படத்தை எடுத்தா எல்லா சாஃப்ட்வேரும் பாஸ் ஆகிடும். கஷ்டமான 3 படம் எடுங்க. ஒண்ணு, கல்ச்சுரல்ஸ் மேடையில் நீல எல்இடி வெளிச்சத்தில் பாடுறவங்க முகம். நீல சேனல் நிரம்பி வழியும், சிவப்பிலும் பச்சையிலும் அநேகமா ஒண்ணுமே இருக்காது. சாஃப்ட்வேர் அந்த நிறத்தைத் திரை காட்டக்கூடிய எல்லைக்குள் எப்படி அடக்குதுன்னு பாருங்க. சிலதில் முகம் அப்பின பெயின்ட் மாதிரி ஆகிடும், சிலதில் மூக்கும் கன்னமும் தெரியும். இரண்டாவது, ஜன்னலுக்கு முன்னாடி நிக்கிற ஆள். வெள்ளை வானம் ரோஸ் நிறமா மாறுதா? பொதுவா பச்சை சேனல்தான் முதல்ல நிரம்பும். ஒயிட் பேலன்ஸ் சிவப்பையும் நீலத்தையும் பெருக்கும்போது அவை பச்சையைத் தாண்டிடும், அதான் ரோஸ். நல்ல ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்ஷன் இதைச் சரிசெய்யும். மூன்றாவது, இன்டோர் ஸ்டேடியத்தில் ஐஎஸ்ஓ 6400இல் எடுத்த ஷட்டில் ஆட்டம். நாய்ஸைக் குறைச்சதும் ஜெர்சியில் இருக்கிற பேர் படிக்க முடியுதான்னு பாருங்க.

எங்க கிளப் கடைசியில் டார்க்டேபிளுக்கு வந்தது. இலவசம், லினக்ஸ், விண்டோஸ், மேக் மூணுலயும் ஓடும், படத்தின் ஒரு பகுதியை மட்டும் மாத்துற மாஸ்க் வசதி அருமை. முதல் வாரம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும். அத்தனை மாட்யூலையும் தொடாதீங்க. எக்ஸ்போஷர், கலர் கேலிப்ரேஷன், சிக்மாய்டு, டீநாய்ஸ், லென்ஸ் கரெக்ஷன், கிராப், இந்த 6 தெரிஞ்சா முக்கால்வாசி வேலை முடியும். ஆனா ராத்திரி 11 மணிக்கு விழா முடிஞ்சு காலையில் 600 படம் கொடுக்கணும்னா நான் டார்க்டேபிளைத் திறக்க மாட்டேன். அன்னிக்குக் கேமரா ஜேபெக்கையே கொடுத்துடுவேன், இல்லைன்னா லைட்ரூம் சந்தா வெச்சிருக்கிற ஃப்ரெண்டைப் பிடிப்பேன்.

இப்போ ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு ஃபோல்டர். ரா ஃபைல், அதன் எக்ஸ்எம்பி, முடிஞ்ச படத்தின் பெரிய ஜேபெக், மூணும் ஒண்ணாத்தான் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும். கூடவே எந்தப் பதிப்பில் எடிட் பண்ணினோம்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். புதுப் பதிப்பில் செஞ்ச எடிட்டைப் பழைய டார்க்டேபிள் திறக்காது, லேபில் இருக்கிறது பழைய பதிப்பு. மேலே சொன்ன 3 சோதனைப் படங்களும் அதே டிஸ்க்கில் தனி ஃபோல்டரில் இருக்கு. பென் டிரைவ் கொண்டுவந்தா எடுத்துக்கலாம்.