அலுவலகக் குரூப்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வாட்ஸ்அப், ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்ற செயலிகளில், ஒரே இடத்தில் வேலை பார்ப்பவர்கள் வேலைக்காக வைத்துக்கொள்ளும் உரையாடல் குழுவைத்தான் எல்லோரும் அலுவலகக் குரூப் என்கிறார்கள். ஷிஃப்ட் மாற்றம், சரக்கு வந்து சேர்ந்த தகவல், ஆய்வுக்கு வரும் அதிகாரி எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்பதெல்லாம் இப்போது இதில்தான் வருகின்றன. அதில் எப்படிப் பேசலாம், எதைப் போடக் கூடாது, வரம்பு மீறினால் யார் கேட்பது என்பதற்குப் பெரும்பாலான இடங்களில் எழுதிவைத்த விதி கிடையாது. விதி இல்லாத இடத்தில் வாய்வழி நம்பிக்கைகள் குடியேறிவிட்டன. அவற்றில் பல தவறானவை. சில, ஒருவரின் வேலைக்கே உலை வைப்பவை.

நம்பிக்கை: குரூப் வேறு, அலுவலகம் வேறு. அங்கே விளையாட்டாகச் சொன்னதைப் பெரிதாக்கக் கூடாது.

ஆண்டு விழாப் படம் ஒன்று குரூப்பில் வருகிறது. சக ஊழியை ஒருவரின் சேலையைப் பற்றி யாரோ ஒரு வரி எழுதுகிறார். இன்னொருவர் கண்ணடிக்கும் பொம்மை போடுகிறார். அதன்கீழ் சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுகின்றன. அந்தப் பெண் மட்டும் எதுவும் எழுதுவதில்லை. அந்த மௌனத்தை எல்லோரும் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த நம்பிக்கை செய்யும் பெரிய கேடு அதுதான்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பணியிடத்தை நான்கு சுவருக்குள் அடைக்கவில்லை. வேலையின் பொருட்டுப் போகும் இடமும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வண்டியும்கூட அதில் அடங்கும். பாலியல் சாயலுள்ள பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, விரும்பப்படாத பாலியல் நடத்தை எல்லாம் அச்சட்டப்படி துன்புறுத்தலே. வேறு மாநிலத்தில் இருந்துகொண்டு செய்தி அனுப்பியவர், தன் பணியிடமும் அந்தப் பெண்ணின் பணியிடமும் வேறு வேறு என்று வாதாடியபோது, 2021-இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இணையவழியில் வேலை நடக்கும் காலத்தில் அந்தத் தூரம் கணக்கில் வராது என்றது.

‘தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை’ என்பதும் நிற்காது. 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், செய்தவரின் நோக்கம் என்ன என்பதைவிட அந்த நடத்தை எதிரில் இருக்கும் பெண்ணுக்கு விரும்பத்தகாததாக இருந்ததா என்பதுதான் பார்க்க வேண்டியது என்று தெளிவுபடுத்தியது. புகார் கொடுக்க நடந்த நாளிலிருந்து மூன்று மாதம் அவகாசம் உண்டு. தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் கிடைக்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. புகாரின் விவரத்தைக் குரூப்பில் போட்டு ‘விசாரிப்பது’ சட்டம் கேட்கும் ரகசியத்துக்கே எதிரானது.

நம்பிக்கை: நான் எழுதவில்லை, வந்ததை அப்படியே ஃபார்வர்ட் செய்தேன்.

பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவொன்றை ஃபேஸ்புக்கில் பகிர்ந்த முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வழக்கில், 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த வாதத்தை நிராகரித்தது. ஒரு செய்தியைப் பகிர்பவர் அதன் உள்ளடக்கத்தை ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார் என்பது நீதிமன்றத்தின் நிலை. பிறகு நீக்கியதும் மன்னிப்புக் கேட்டதும் வழக்கை முடிக்கப் போதவில்லை. சாதித் தலைவர்களின் குருபூஜை போஸ்டர், மதத்தை ஏசும் காணொளி, தேர்தல் நேரத்துக் கட்சி மீம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அரசு ஊழியருக்குக் கூடுதல் கட்டும் உண்டு: 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவர் அரசியலில் ஈடுபடுவதைத் தடுக்கின்றன.

நம்பிக்கை: குரூப்பில் என்ன நடந்தாலும் அட்மின்தான் ஜெயிலுக்குப் போவார்.

இந்தப் பயத்தால் அதிகம் தூக்கம் கெடுபவர் அலுவலகத்தின் மிக இளைய ஊழியர். எல்லோருடைய நம்பரும் அவரிடம் இருந்தது, ஃபோனும் அவருக்குப் பழக்கம், அதனால் குரூப்பை அவர் தொடங்கினார். மேலதிகாரி ஒருவர் வரம்பு மீறி எழுதும்போது அவரைத் தட்டிக்கேட்கும் நிலையில் அந்த இளைஞர் இல்லை.

சட்டம் அவர்மேல் அவ்வளவு சுமையை ஏற்றவில்லை. 2021-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, உறுப்பினர் ஒருவர் ஒரு பெண்ணைப் பற்றி இழிவாகப் பேசியதற்காக அட்மின் மேல் போடப்பட்டிருந்த வழக்கை ரத்து செய்தது. இருவருக்கும் பொதுவான உள்நோக்கமோ முன்திட்டமோ இருந்ததாகக் காட்டாமல் அட்மினைப் பொறுப்பாக்க முடியாது என்பது தீர்ப்பு. 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் இதே முடிவுக்கு வந்தது. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, மனுதாரர் அட்மினாக மட்டுமே இருந்தார், வேறெதுவும் செய்யவில்லை என்றால் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்க வேண்டும் என்றது. காரணம் எளிது: ஒருவர் எழுதுவதை அது வெளிவரும் முன் படித்துப் பார்க்கும் வசதி வாட்ஸ்அப் அட்மினுக்குக் கிடையாது. ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம், அட்மின்கள் மட்டும் எழுதும்படி குரூப்பைப் பூட்டலாம், 2022 முதல் மற்றவர் போட்ட செய்தியை எல்லோருக்கும் அழிக்கலாம். அவ்வளவுதான். அவரே எழுதியதற்கும், சேர்ந்து திட்டமிட்டதற்கும் மட்டும் தப்ப முடியாது.

ஆனால் அட்மின் விடுபட்டால் நிறுவனமும் விடுபட்டுவிட்டது என்று பொருள் இல்லை. பாதுகாப்பான பணியிடம் தரும் கடமை 2013 சட்டப்படி முதலாளியுடையது. அதை ஒரு கடைநிலை ஊழியரின் ஃபோனில் இறக்கிவைப்பது அநியாயம். குரூப் எதற்கானது, எவை கூடாது, மீறினால் யாரிடம் சொல்வது என்ற மூன்றையும் எழுதி, குரூப் அறிமுகக் குறிப்பில் போட்டு, பொறுப்பில் உள்ள இருவரை அட்மினாக்குவது நடைமுறையில் பலன் தரும். கண்டிக்க வேண்டியதைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டிப்பதே முறை. ‘இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?’ என்று நாற்பது பேர் பார்க்க ஒருவரின் பெயரைப் போட்டு எழுதும் அதிகாரி, தானே விதியை மீறுகிறார். இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. மோசமான செய்தியைப் பார்த்தவுடன் அழிப்பது நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் பாதிக்கப்பட்டவரின் சாட்சியமும் அதோடு போய்விடுகிறது. நேரமும் அனுப்பியவர் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அழிப்பதே சரி.

நம்பிக்கை: நிர்வாகத்தைக் குறைசொல்லி எழுதினால் அது ஒழுங்கீனம்.

கட்டுப்பாடு என்ற பெயரில் வாயடைப்பது இங்கேதான் நடக்கிறது. வங்கி ஊழியர் ஒருவர், ஊழியர்கள் தங்களுக்குள் வைத்திருந்த வாட்ஸ்அப் குரூப்பில் மேலதிகாரிகளைக் கேலி செய்து எழுதியதற்காகக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை பெற்றார். மதுரை அமர்வு 2023-இல் அதை ரத்து செய்தது. மனக்குறையைக் கொட்டித்தீர்க்கும் உரிமை ஊழியருக்கு உண்டு, நிர்வாகத்தின் நலனுக்குக் கேடு வந்தால்தான் நடவடிக்கை எடுக்கலாம் என்பது அதன் சாரம். சட்ட வரம்புக்குள் பேச வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. சம்பளம் தாமதமாவது, கழிவறையில் தண்ணீர் இல்லாதது, இயந்திரத்தில் தடுப்பு கழன்றிருப்பது ஆகியவற்றைச் சொல்லும் செய்தி எந்தக் குரூப்பிலும் ‘விதிமீறல்’ ஆகக் கூடாது.

நம்பிக்கை: கட்டைவிரல் போட்டால் போதும், அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ரயில்வே பாதுகாப்புப் படையின் அதிகாரி ஒருவர் மேகாலயாவில் கொல்லப்பட்டார். படையினரின் குரூப்பில் அந்தச் செய்தி வந்தபோது காவலர் ஒருவர் கட்டைவிரலைப் போட்டார். கொலையைக் கொண்டாடியதாகக் கொண்டு அவரைப் பணியிலிருந்தே நீக்கினார்கள். பார்த்துவிட்டேன் என்ற பொருளில் போட்டதாகவும், வாட்ஸ்அப் தனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை என்றும் அவர் சொன்னார். சென்னை உயர் நீதிமன்றம் அதை நம்பத்தக்கதாக ஏற்றது. மீண்டும் வேலையில் சேர்க்கும் உத்தரவை 2024-இல் இரு நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது. கனடாவின் சஸ்காட்செவனில் அதே விரல் வேறு விதமாக முடிந்தது. ஆளி விதை விற்பனை ஒப்பந்தத்தின் படத்தை அனுப்பி உறுதிசெய்யும்படி கேட்டபோது விவசாயி ஒருவர் கட்டைவிரலைப் பதிலாக அனுப்பினார். விதை போய்ச்சேரவில்லை. அது கையெழுத்துக்குச் சமம் என்று 2023-இல் நீதிமன்றம் சொல்லி, 82,000 கனடா டாலருக்கு மேல் கட்ட வைத்தது. மரணம், விபத்து, பணம், ஒப்புதல் பற்றிய செய்திக்கு நான்கு சொல் எழுதிவிடுவதே பாதுகாப்பு.

நம்பிக்கை: அழித்துவிட்டால் தடயம் இல்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை எல்லோருக்கும் அழிக்க 2022 முதல் சுமார் இரண்டரை நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் பத்துப் பேர் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கலாம். முனையிலிருந்து முனைவரையான மறையாக்கம் செய்தி போகும் வழியைத்தான் காக்கிறது, படித்தவரின் ஃபோனை அல்ல. நிறுவனக் கணக்கில் ஓடும் ஸ்லாக், டீம்ஸ் இரண்டிலும் நிலைமை இன்னும் வெளிப்படை: திட்டத்தையும் அமைப்பையும் பொறுத்து, தனி உரையாடல்களைக்கூட நிறுவனம் சேமித்துவைக்கவும் எடுத்துப் பார்க்கவும் முடியும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, உரிய சான்றிதழோடு மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்கிறது.

நம்பிக்கை: ராத்திரி பதினொரு மணிக்கு வந்தாலும் பதில் போட்டாக வேண்டும்.

பிரான்சில் 2017 ஜனவரி முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவில் 2018 டிசம்பரில் சுப்ரியா சுலே மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. எனவே இங்கே அந்தந்த அலுவலகத்தின் விதிதான் காவல். காலையில் போய்ச்சேரும்படி நேரம் குறித்து அனுப்பும் வசதி ஸ்லாக்கிலும் டீம்ஸிலும் உண்டு. அவசரமென்றால் ஃபோனில் கூப்பிடுவது, மற்றதைக் காலையில் போடுவது என்று மேலதிகாரி தொடங்கிவைத்தால் குரூப்பே அதற்குப் பழகிவிடும்.

நம்பிக்கை: வேலையை விட்டவர் குரூப்பை விட்டும் போய்விட்டார்.

தானாக யாரும் போவதில்லை. யாராவது நீக்க வேண்டும், அல்லது அவரே வெளியேற வேண்டும். 2022 முதல் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து ஒருவர் விலகினால் அட்மின்களுக்கு மட்டுமே அறிவிப்புப் போகிறது, அதனால் மற்றவர்களுக்கு உடனே தெரியாது. நீக்கிய பிறகும் பழைய உரையாடல் அவர் ஃபோனில் அப்படியே இருக்கும். வாடிக்கையாளர் விவரம், சக ஊழியரின் மருத்துவச் சான்று, ஆதார் நகல் போன்றவற்றைக் குரூப்பில் போடச் சொல்லாமல், வாங்க வேண்டியவர் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். டீம்ஸ், ஸ்லாக் கணக்கைக் கடைசி வேலை நாளிலேயே முடக்கிவிடலாம். வாட்ஸ்அப்பில் அப்படி முடக்க வழியில்லை.