டீசல் பிக்கப் வண்டியின் புகைத்தடுப்புக் கருவிகளை நீக்கலாமா?

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லுவதில் மாட்டு வண்டிக்கு இருந்த இடத்தை இக்காலத்தில் பெரும்பாலும் டீசல் பிக்கப் வண்டி பெற்றுவிட்டது. தக்காளி, வாழைத்தார், வெங்காயம், மாட்டுத் தீவனம், உர மூட்டை ஆகிய யாவும் இதிலேயே ஏறி இறங்குகின்றன. ஆகவே அவ்வண்டி அறுவடைக் காலத்தில் ஒரு நாள் நின்றுவிட்டாலும் குடியானவருக்கு நேரும் நஷ்டம் சிறிதன்று.

2020-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ஆம் தேதி முதல் இந்தியாவில் விற்கப்படும் புது வண்டிகள் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதிக்கு உட்பட்டவை. இவ்விதிக்காகப் பொருத்தப்பட்ட கருவிகள் சில சமயங்களில் அடைபடுகின்றன. முன்பலகையில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. வண்டியின் இழுவை குறைந்துவிடுகிறது. "அவற்றைக் கழற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது, டீசலும் மிச்சமாகும்" என்று யோசனை சொல்லும் பட்டறைக்காரர்களும் உண்டு. இந்த யோசனையின் நன்மை தீமைகளை எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கருவிகளும் அவற்றின் வேலையும்

முதலாவது, புகை மறுசுழற்சி வால்வு. இஞ்சினிலிருந்து வெளிவரும் புகையில் ஒரு பாகத்தை இது மீண்டும் உள்ளே அனுப்புகிறது. அதனால் எரியும் அறையின் உஷ்ணம் தணிந்து, நைட்ரஜன் ஆக்ஸைடு என்னும் நச்சு வாயுக்கள் குறைவாக உண்டாகின்றன.

இரண்டாவது, ஆக்ஸிகரண வினையூக்கி. பிளாட்டினம் போன்ற உயர்ந்த உலோகங்கள் மெல்லியதாகப் பூசப்பட்ட இதன் வழியே புகை செல்லும்போது, அரைகுறையாய் எரிந்த வாயுக்கள் எரிந்து முடிகின்றன.

மூன்றாவது, கரி வடிகட்டி. தேன்கூட்டைப் போன்ற நுண்ணிய கண்ணறைகளை உடைய இப்பாண்டத்தில் கரித்துகள்கள் தங்கிவிடும். தங்கிய கரி ஓரளவு சேர்ந்ததும், கட்டுப்பாட்டுக் கணினி சிறிது டீசலை அதிகமாகச் செலுத்தி, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி சென்டிகிரேட் வரை சூடேற்றிக் கரியை எரித்துவிடுகிறது. வண்டி நல்ல வேகத்தில் சற்று நேரம் தொடர்ந்து ஓடினால்தான் இவ்வேலை பூர்த்தியாகும்.

நான்காவது, சில வண்டிகளில் மட்டும் உள்ள யூரியா திராவகக் கருவி. 32.5 சதவிகிதம் சுத்த யூரியாவும் மீதி சுத்திகரித்த நீரும் சேர்ந்த திராவகம் புகைக்குள் தெளிக்கப்படுகிறது. அதிலிருந்து உண்டாகும் அம்மோனியா, வினையூக்கியின் துணையால் நைட்ரஜன் ஆக்ஸைடுகளைத் தீங்கற்ற நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது.

2. நீக்குவோர் கூறும் காரணங்கள்

இக்காரணங்கள் முற்றிலும் பொய்யல்ல. வடிகட்டியை மாற்றும் செலவு மிகுதி. விளக்கு எரிந்த வண்டியை நகரத்துப் பட்டறையில் விட்டுக் காத்திருப்பதும் கஷ்டமே. வடிகட்டி, புகையின் வழியில் சிறிது தடையாக நிற்பதும், கரியை எரிக்கக் கொஞ்சம் டீசல் செலவாவதும் உண்மை. ஆகையால் நீக்கினால் டீசல் சற்று மிச்சப்படலாம்.

ஆனால் அந்த மிச்சம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். உதாரணமாக, ஒரு வண்டி வருஷத்திற்கு 15,000 கிலோமீட்டர் ஓடுவதாகவும், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். செலவாகும் டீசல் 1,250 லிட்டர். நூற்றுக்கு மூன்று பங்கு மிச்சமாகிறது என்று தாராளமாக ஒப்புக்கொண்டாலும் மிச்சம் 37½ லிட்டரே. லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 3,375 ரூபாய். இத்தொகைக்காக எவற்றைப் பணயம் வைக்கிறோம் என்பதே கேள்வி.

3. அடைப்பின் மூலகாரணம்

இலை மஞ்சளித்தால் இலையைப் பறித்து எறிவதால் பயிர் பிழைப்பதில்லை. வேரையும் மண்ணையும் பார்க்கிறோம். அதுபோலவே வடிகட்டி அடைபடுவது வியாதியன்று. பெரும்பாலும் வியாதியின் குறியே ஆகும். அக்குறி தோன்றுவதற்குரிய காரணங்கள் பின்வருமாறு:

(அ) குறுகிய ஓட்டம். தோட்டத்திலிருந்து கொள்முதல் நிலையத்திற்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் மட்டும் சென்று திரும்பும் வண்டியில் வடிகட்டி போதிய சூடு அடைவதில்லை. கரி எரிக்கும் வேலை தொடங்கி, பாதியில் நின்றுபோகும். இவ்வாறு அடிக்கடி நேர்ந்தால், எரியாத டீசல் இஞ்சின் எண்ணெயில் கலந்து எண்ணெய் நீர்த்துவிடும். எண்ணெய்க் கோலில் மட்டம் உயர்ந்து காணப்பட்டால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

(ஆ) டீசல் தெளிப்பான்களின் பழுது. தெளிப்பு சீராக இல்லாவிடில் கரி மிகுதியாய் உண்டாகும்.

(இ) டர்போவிலிருந்து எண்ணெய் கசிதல், காற்றுக் குழாயில் விரிசல், காற்று வடிகட்டியில் தூசி அடைதல்.

(ஈ) தகாத இஞ்சின் எண்ணெய். கரி எரிந்துபோகும், ஆனால் எண்ணெயில் உள்ள உலோகச் சேர்மானங்களின் சாம்பல் எரியாது. ஆகையால் இவ்வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெயே விதிக்கப்பட்டுள்ளது. விலை மலிவென்று வேறு எண்ணெய் ஊற்றினால் வடிகட்டி காலத்திற்கு முன்பே நிறைந்துவிடும்.

(உ) கலப்பட டீசல். பாரத் ஸ்டேஜ் 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கலாகாது. முந்தைய ஸ்டேஜ் 4 டீசலுக்கு வரம்பு 50 பங்கு. மண்ணெண்ணெய் கலந்தால் கந்தகம் மிகுந்து வினையூக்கி கெடும்.

(ஊ) அளவிடும் உணர்கருவியிலோ அதன் சிறு குழாயிலோ பழுது. வடிகட்டி நன்றாயிருந்தும் விளக்கு எரிவதற்கு இதுவும் ஒரு காரணம். சிறு பொருளை மாற்றித் தீர்க்கக்கூடிய இக்குறைக்காக முழு வடிகட்டியையும் குடைந்து எறிவது அறிவீனம்.

தெளிப்பானோ டர்போவோ பழுதுற்றிருக்க, வடிகட்டியை மட்டும் நீக்கினால் விளக்கு அணையும், பழுது அணையாது. குறியைக் காட்டிக்கொடுத்த கருவி போய்விட்டபடியால், இஞ்சினே கெடும் வரையில் அது வெளியே தெரியாமல் வளரும்.

4. வயல் யூரியாவைக் கரைத்து ஊற்றலாகாது

யூரியா திராவகக் கருவி உள்ள வண்டியைப் பற்றி ஒரு விசேஷ எச்சரிக்கை அவசியம். வீட்டில் உர மூட்டை இருக்கையில் திராவகத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் 2015-ஆம் வருஷத்திலிருந்து நமது உள்நாட்டு உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டே வருகிறது. அந்த எண்ணெயும், உர யூரியாவில் உள்ள பையூரெட் என்னும் பொருளும், கிணற்று நீரின் சுண்ணாம்பும் தெளிப்பானை அடைத்து வினையூக்கியைக் கெடுக்கும். மேலும், மானிய விலையில் கிடைக்கும் உரத்தைப் பயிருக்கன்றி வேறு காரியத்திற்கு உபயோகிப்பது 1985-ஆம் வருஷத்திய உரக் கட்டுப்பாட்டு ஆணைக்கு விரோதமாகும். முத்திரையிட்ட கலத்தில் விற்கும் திராவகத்தையே வாங்கி, வெயில் படாத இடத்தில் வைத்து உபயோகிக்க வேண்டும். 100 லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 3 முதல் 5 லிட்டர் வரையே இது செலவாகும்.

5. நீக்கிய வண்டியின் கதி

வடிகட்டியைக் குடைந்துவிட்டால் மட்டும் போதாது. கட்டுப்பாட்டுக் கணினி அதைக் கண்டுபிடித்து இழுவையைக் குறைத்துவிடும். ஆகவே கணினியின் உத்தரவுகளையும் மாற்றி எழுதுகிறார்கள். அவ்வாறு எழுதுபவர் இஞ்சினைச் செய்தவரல்லர். டீசல் அளவையும் டர்போவின் அழுத்தத்தையும் அவர் கூட்டிவிட்டால், பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது பிஸ்டனும் டர்போவும் வரம்பு மீறிச் சூடேறும். கம்பெனியின் உத்தரவாதம் அத்துடன் போய்விடும். விபத்து நேர்ந்தபோது இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆட்சேபணை எழுப்பவும் இடமுண்டு. விற்கும்போது விவரம் தெரிந்தவர் விலையைக் குறைப்பார். பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டுமாயின், முன்பு மிச்சம் பிடித்ததாக எண்ணிய செலவையே திரும்பச் செய்ய வேண்டும்.

6. சட்டத்தின் நிலை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019-ல் செய்யப்பட்ட திருத்தம், அனுமதியற்ற மாற்றம் செய்யும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடம் தந்தது. புகை விதிகளை மீறிய வண்டியைப் பொது வழியில் ஓட்டுவது 190-ஆம் பிரிவின்படி தனிக் குற்றமாகும். வேலை செய்தவர் பட்டறைக்காரரேயாயினும் பொறுப்பு சொந்தக்காரரையும் சேரும்.

"புகைப் பரிசோதனையில் என் வண்டி தேறிவிட்டதே" என்று சிலர் சொல்லக்கூடும். டீசல் வண்டிகளுக்கு நடத்தும் அப்பரிசோதனை புகையின் கருமையை மட்டுமே அளக்கிறது. நைட்ரஜன் ஆக்ஸைடுகள் கண்ணுக்குத் தெரிவன அல்ல, அங்கே அளக்கப்படுவனவும் அல்ல. ஆகவே சான்றிதழ் கையில் இருப்பதனாலேயே வண்டி குற்றமற்றது என்று கொள்ளலாகாது.

7. பயிருக்கும் உடலுக்கும் உள்ள தீங்கு

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-ல் வகைப்படுத்தியது. களத்திலும் கொட்டகையிலும் வண்டியின் பின்னே நின்று மூட்டை ஏற்றும் ஆட்களே அப்புகையை முதலில் சுவாசிப்பவர்கள்.

பயிருக்கும் கேடு உண்டு. நைட்ரஜன் ஆக்ஸைடுகள் வேறு சில வாயுக்களுடன் கலந்து, வெயிலில் நிலமட்டத்தில் ஓஸோனாக மாறுகின்றன. இவ்வாயு இலைத்துளைகளின் வழியே புகுந்து பச்சையத்தைக் கெடுத்து மகசூலைக் குறைக்கிறது. கோதுமை, சோயா மொச்சை, பீன்ஸ் வகைகள் இதற்கு மிகவும் இளகியவை. நெல்லும் முற்றிலும் தப்புவதில்லை.

"என் ஒரு வண்டியால் என்ன ஆகிவிடும்?" என்னும் கேள்விக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விடை கிடைத்திருக்கிறது. அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, சுமார் பத்து வருஷங்களில் 5,50,000-க்கு மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் இக்கருவிகள் நீக்கப்பட்டன. அவ்வண்டிகள் தம் ஆயுள் முழுவதிலும் அதிகப்படியாக வெளியிடும் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் 5,70,000 டன் என்றும், கரித்துகள் 5,000 டன் என்றும் அது மதிப்பிட்டது. ஒவ்வொருவரும் தம் வண்டி ஒன்றுதான் என்று எண்ணியே நீக்கியிருப்பர்.

8. செய்யத்தக்கவை

(1) கரி வடிகட்டியின் விளக்கு எரிந்ததும், கைப்புத்தகத்தில் கூறியபடி வண்டியை நெடுஞ்சாலையில் 15 முதல் 30 நிமிஷம் வேகம் குறையாமல் ஓட்டுக. விளக்கு மினுங்கினாலோ வேறு விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ ஓட்டாமல் பட்டறைக்குத் தெரிவிக்க.

(2) கரி எரியும் சமயத்தில் வண்டியை வைக்கோற்போர், கரும்புத் தோகை, காய்ந்த புல் ஆகியவற்றின்மேல் நிறுத்தலாகாது. குழாயின் உஷ்ணத்தால் தீப்பற்றும்.

(3) குறுகிய நடைகளே உள்ளவர்கள், வாரத்திற்கு ஒரு முறையேனும் நீண்ட நடை அமையும்படி, தூரத்துச் சந்தைக்குச் செல்லும் வேலையை அந்த வண்டிக்கே ஒதுக்குக.

(4) பட்டறையில் "வடிகட்டியை மாற்ற வேண்டும்" என்றால், கணினி காட்டும் குறிகளையும், வடிகட்டியின் இருபுறத்து அழுத்த வித்தியாசத்தையும் எழுதிக் கேட்க. மேற்கூறிய காரணங்களை வரிசையாகச் சோதித்த பின்னரே செலவுக்கு ஒப்புக்கொள்க.

(5) சாம்பலால் நிறைந்த வடிகட்டியைக் கழற்றிச் சூளையில் சுட்டுக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யலாம். உடையாத வடிகட்டிக்கு இது புதிது வாங்குவதைவிடக் குறைந்த செலவாகும்.

(6) பழைய வண்டி வாங்குவோர், சாவியைத் திருப்பியதும் இஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, இஞ்சின் ஓடியதும் அணைகிறதா என்று பார்க்க. புகைக்குழாயின் உட்புறத்தைத் துணியால் துடைக்க. கருங்கரி ஒட்டினால் வடிகட்டி உடைந்தோ நீக்கப்பட்டோ இருக்கலாம்.

(7) தினமும் சில கிலோமீட்டரே ஓடும் வேலைக்கு இவ்வகை டீசல் வண்டி பொருத்தமன்று. அடுத்த முறை வாங்குகையில் பெட்ரோல், எரிவாயு அல்லது மின்சாரச் சிறு வண்டிகளையும், வாடகைக்கு அமர்த்தும் செலவையும் ஒப்பிட்டுப் பார்க்க.

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கும் 2023-ஆம் வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி முதல் கடுமையான புகை விதி அமுலுக்கு வந்திருப்பதால், இதே கேள்வி டிராக்டர் விஷயத்திலும் எழும். கிராம அதிகாரிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும் தம் பொறுப்பிலுள்ள வண்டிகளில் இம்முறைகளை முதலில் கைக்கொண்டால், மற்றவர்களுக்குச் சொல்லும் யோசனைக்கு மதிப்பு உண்டாகும்.

லாப நஷ்டங்களைச் சேர்த்துப் பார்க்கையில், நீக்குவதால் வருவது சில ஆயிரம் ரூபாய் டீசல் மிச்சமும் சில நாள் நிம்மதியும். போவது உத்தரவாதம், விற்பனை மதிப்பு, சட்டத்தின் பாதுகாப்பு, ஏற்றுகூலி ஆட்களின் சுகம், அயல் வயலின் மகசூல். ஆகையால் கருவியை நீக்காமல், அது அடைபட்ட காரணத்தைத் தேடி நீக்குவதே குடியானவருக்கு உகந்த வழியாகும்.