காணி உறுதியோடு பூட்டிவைத்த வேதாகமம்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தேன். வாசகம் வாசிப்பதற்கு வேதாகமத்தைத் தருமாறு கேட்டேன். வீட்டுத் தலைவி அலுமாரியைத் திறந்து, பொலித்தீன் உறையால் சுற்றிக் கட்டிய ஒரு பொதியைக் கொண்டுவந்தார். அதனுள்ளே காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், விவாகப் பதிவு. அவற்றின் நடுவே வேதாகமம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடு வாசலை விட்டுப் புறப்பட்டபோது, அக்குடும்பம் கையில் எடுத்துச் சென்ற பொதி அது. என் கண்கள் கலங்கின. ஆனால் நூலைத் திறந்தபோது, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி, வாங்கிய அன்றுபோலவே இருந்தன. ஆபத்து வேளையில் காப்பாற்றிய நூலை அமைதி வந்தபின் ஒருவரும் விரிக்கவில்லை.

உறுதி பெட்டிக்குள் இருந்தாற் போதும். காணி நமதென்று அது சாட்சி சொல்லும். ஆனால் உறுதியைப் பூட்டிவைத்தவன் வயலை உழாவிட்டால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. இறைவார்த்தை உறுதியன்று, அது விதைநெல். விதைப்பவர் உவமையில் நம் ஆண்டவர் கற்பித்ததும் இதுவே. வழியோரம், கற்பாறை, முட்செடி, நல்ல நிலம் எங்கும் விழுந்த விதை ஒன்றே. வேறுபட்டது நிலம் மாத்திரமே.

நம் முன்னோரின் வழி

வேதாகம வாசிப்பு பிரிந்த சகோதரர்களுக்குரியது, நமக்குச் செபமாலையும் நவநாளும் போதும் என்ற எண்ணம் நம்மவர் சிலரிடம் இன்னும் உண்டு. இது நமது பாரம்பரியம் அன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வேதம் தடைசெய்யப்பட்டிருந்த நாளில், 1687இல் புனித யோசேவாஸ் அடிகளார் இந்நாட்டிற்கு வந்தார். அவரைத் தொடர்ந்து 1705இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். அவருடைய ‘தேவ அருள் வேத புராணம்’ வேதாகம வரலாற்றையே நம் மொழியில் எடுத்துரைத்தது. குருவானவரைக் காண்பதே அரிதாயிருந்த அக்காலத்தில், கேட்டும் வாசித்தும் செபித்தும் விசுவாசத்தைக் காத்தவை நம் குடும்பங்களே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1965 நவம்பர் 18ஆம் நாள் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், விசுவாசிகள் யாவரும் வேதாகமத்தை அடிக்கடி வாசிக்குமாறு வற்புறுத்தியது. ஆண்டவரின் திருவுடலை வணங்குவதுபோலவே திருச்சபை வேதாகமத்தையும் என்றும் வணங்கி வந்துள்ளது என்றும் கூறியது. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ், பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக ஏற்படுத்தினார். அப்பத்தின் மேசைக்கு ஆவலோடு வரும் நாம் வார்த்தையின் மேசையில் பசியின்றி அமரலாமா?

வீட்டில் எப்படித் தொடங்குவது?

பெரிய திட்டம் வேண்டாம். சனி மாலை செபமாலை முடிந்ததும், மறுநாள் திருப்பலியின் நற்செய்தியை மட்டும் எடுங்கள். ஒருவர் நிதானமாக வாசிக்கட்டும். சற்று நேரம் மௌனம். மற்றொருவர் அதையே மீண்டும் வாசிக்கட்டும். பின்னர் தம் உள்ளத்தைத் தொட்ட சொல் எதுவென்று ஒவ்வொருவரும் கூறலாம். கூற விரும்பாதவர் சும்மா இருக்கலாம். கர்த்தர் கற்பித்த செபத்தோடு முடியுங்கள். கால் மணி நேரம் போதும். கைத்தொலைபேசிகள் அந்தக் கால் மணி நேரம் வேறு அறையில் இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. “கேட்டாயா, இது உனக்குத்தான்!” என்று தகப்பன் மகனைப் பார்த்துச் சொல்லும் கணத்தில் வாசிப்பு கெட்டுவிடும். இறைவார்த்தை பிறரை அடிக்கும் தடியன்று. இந்தக் குற்றம் குருக்களாகிய எங்களுக்கும் உண்டு. மக்களுக்கு எதைச் சொல்லலாமென்று தேடி, எனக்குச் சொல்லப்பட்டதைக் கேளாமலே நான் பிரசங்கம் ஆயத்தம் செய்த நாட்கள் பல.

வார்த்தை வீட்டுக்குள் வந்தால்

நான் அறிந்த இன்னொரு குடும்பம் இவ்வாறு வாசிக்கத் தொடங்கியது. ஊரும் பெயரும் வேண்டாம். 2023 பெப்ரவரியில் ஒரு சனி மாலை, மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை மகள் வாசித்தாள். சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென நினைவு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே விட்டுவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவர் பணிக்கும் பகுதி அது. தகப்பனார் தலை குனிந்திருந்தார். எல்லை வேலித் தகராறினால் சொந்தத் தம்பியோடு அவர் பேசி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்றிரவு அவர் உறங்கவில்லை. விடியுமுன் தம்பி வீட்டுக்குப் போனார். படலை திறக்கவில்லை. திரும்பி வந்து திருப்பலிக்குச் சென்றார். மறுவாரமும் போனார். தவக்காலத்தில் ஒருநாள் படலை திறந்தது. வேலிப் பிரச்சினை இன்னும் முற்றாகத் தீரவில்லை. ஆனால் அண்ணன் தம்பி இருவரும் பேசுகிறார்கள், பிள்ளைகள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருகிறார்கள்.

வார்த்தையை உள்ளத்தில் ஏற்பது என்பது இதுதான். வசனங்களை மனனம் செய்வது நல்லது; ஆனால் அது நம் கால்களை எங்கே நடத்திச் செல்கிறது என்பதே கேள்வி. திமொத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்ததென்று புனித சின்னப்பர் நினைவூட்டுகிறார். நம் பிள்ளைகளும் நாம் வாசித்ததை மறக்கலாம். வாசித்தபின் அப்பா எங்கே போனார் என்பதை மறக்கமாட்டார்கள்.

இன்றே அலுமாரியைத் திறவுங்கள். உறுதி உள்ளேயே இருக்கட்டும். வேதாகமத்தை வெளியே எடுங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் வீட்டில் வேதாகமம் எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது திறந்தோம்?

2. கடந்த ஞாயிறு நற்செய்தி எது? அதனால் நம் வீட்டில் எது மாறியது?

3. நாம் போய்த் தட்டவேண்டிய படலை யாருடையது?